மைக்ரோவேவில் தீப்பொறி என்றதும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்
உங்கள் பழைய மைக்ரோவேவில் தட்டு சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, சாம்பாரும் சூடாகிறது, ஆனால் வலதுபக்கச் சுவரில் பொறி பறக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாமா என்கிறீர்கள். சூடாக்கும் அலைகளை உண்டாக்குகிற மேக்னட்ரான் போயிருந்தால் பெரும்பாலும் சூடே ஏறாது, அதனால் பழைய பெட்டி என்றாலும் பயப்படாதீர்கள். அந்தச் சுவரில் வெளிர்பழுப்பாக, அட்டை மாதிரி ஒன்று இருக்கும் பாருங்கள், அதுதான் மைக்கா தகடு, அந்த அலைகள் உள்ளே வரும் வாயை மூடியிருப்பது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்து ஓரம் கருகியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்பக்கமாகவே கழற்றலாம், ஒரு ஸ்குரூவோ கிளிப்போதான். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் மைக்கா ஷீட்டாகக் கேளுங்கள், பழையதை மேலே வைத்துக் கோடு போட்டுக் கத்தரிக்கோலாலேயே வெட்டிக்கொள்ளலாம். மாற்றும்வரை ஓட்டாதீர்கள்.

அப்புறம், கடலோரக் காசிமேட்டில் இருப்பதாகச் சொன்னீர்களே, அந்த உப்புக்காற்றில் உள்பெயின்ட் உரிந்து துரு ஏறியிருந்தால் அங்கேயும் பொறி வரும். லேசான துரு என்றால் தேய்த்துவிட்டு மைக்ரோவேவுக்கென்றே விற்கும் பெயின்ட் அடிக்கலாம். பெட்டியின் உள்சுவரே ஓட்டையாகிவிட்டால், அல்லது கதவு கோணி சரியாக மூடாவிட்டால், அப்போது காயலான் கடைதான், வேறு வழியில்லை.

வெளிக்கூட்டை மட்டும் நீங்கள் கழற்றவே கூடாது. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டரில் 2000 வோல்ட் அளவுக்கு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம், ஆளையே கொன்றுவிடும். மிக்சி பார்க்கிற மெக்கானிக் எல்லோருக்கும் இது தெரியும் என்றும் நம்பாதீர்கள்.