களிக்கு மாறியும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. கடையில் உட்கார்ந்து வியாபாரம். சர்க்கரைக்காகச் சோற்றை விட்டு, இரண்டு வேளையும் கேழ்வரகுக் களிதான். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240-க்குக் குறைவதில்லை. களி ஆகாதா? – பென்னாகரம் வாசகர்

பதில்: களிப்பானையில் அரிசி நொய் போகிறதா என்று முதலில் பாருங்கள். நம் பக்கம் பல வீடுகளில் நொய்யை வேகவிட்டு, அதன் மேல்தான் மாவைக் கொட்டிக் கிளறுகிறார்கள். உருண்டை பதமாக வரும். விட்ட சோறும் கூடவே வந்துவிடும்.

அடுத்தது அளவு. 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து சுமார் 67 கிராம், அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். கேழ்வரகின் பலம் 11 கிராம் நார்ச்சத்தும் 350 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியமும். அந்த நார் தோலில் இருக்கிறது. மாவைச் சலித்தால் போய்விடும். இலை நிறைய வைக்கும் உருண்டை ஏர் பிடித்தவர்களுக்கான கணக்கு. அப்பாவுக்கு வேளைக்கு 60 கிராம் மாவு போதும்.

நொய் இல்லாமல் களி கிளற: இரண்டு பேருக்கு 120 கிராம் மாவு, 300 மில்லி தண்ணீர், உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவை நடுவில் குவித்துக் கொட்டுங்கள். கிளறக் கூடாது. துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி போட்டு, மூடி, சிறுதீயில் 8 நிமிடம் விட்டபிறகு கிளறுங்கள். அவசரப்பட்டுக் கொட்டியதுமே கிளறினால் வெளிமாவு வெந்து உள்மாவைப் பூட்டிக்கொள்ளும், கட்டி தட்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். (ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் நல்லது.)

தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குழம்பு வேண்டாம். கொள்ளு கடைசலோ கீரை கடைசலோ ஒரு கிண்ணம் வையுங்கள். அதில் பாதியை முதலில் சாப்பிட்டுவிட்டுக் களிக்கு வரட்டும். சர்க்கரை மெதுவாக ஏறும். களியையே கூழாகக் கரைத்துக் குடித்தால் வேகமாக ஏறும்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் உருண்டையைத் திடீரென்று பாதியாக்கினால் தாழ்சர்க்கரை வரலாம்: வியர்வை, நடுக்கம், படபடப்பு. மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேழ்வரகு எவ்வளவு என்பதையும் அவரே சொல்லட்டும்.

ஒரு வாரம் இதே அளவில் கொடுத்து, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி கணக்கிட்டுப் பாருங்கள். பொதுவாக 180-க்குள் இருக்க வேண்டும். அப்போதும் 200-ஐத் தாண்டினால், குறித்து வைத்த அளவுகளோடு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம்.