அம்மாவை முட்டத்துக்கு கூட்டிட்டு போலாமா? - வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல மூணு பேரு கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருக்காங்க, வீட்டுல கேன்சர் இருக்கும்போது நாங்க சந்தோஷமா இருக்கலாமா அக்கான்னு. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இந்த மூணை மட்டும் எடுத்துக்குறேன்.

கேள்வி: எங்க அம்மாவுக்கு 61 வயசு, மார்புல கேன்சர். ஆபரேஷன் முடிஞ்சு இப்போ திருவனந்தபுரத்துல 21 நாளைக்கு ஒரு தடவை கீமோ போகுது. போன வாரம் நானும் அம்மாவும் டிவியில காமெடி பாத்து வயிறு வலிக்க சிரிச்சிட்டு இருந்தோம், அந்த நேரம் பாத்து சித்தி வந்துட்டாங்க. "பெத்தவ இப்படி கெடக்கும்போ ஒனக்கு சிரிப்பு கேக்குதா"ன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாங்க. அதுல இருந்து டிவி போடவே கூச்சமா இருக்கு. அம்மாவுக்கு முட்டம் கடற்கரைக்கு போகணும்னு ஆசை, அண்ணன் "எல்லாம் சரியாகட்டும், பிறகு போலாம்"ங்கான். நான் என்ன செய்யட்டும் அக்கா? - பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: சித்தி சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க மக்களே. கூடப்பிறந்தவளுக்கு இப்படி ஆயிட்டேங்கிற பயத்துல வந்த பேச்சு அது. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, அன்னைக்கு சிரிச்சது நீங்க மட்டும் இல்ல, அம்மாவும்தான் சிரிச்சாங்க, அதை யாருமே கணக்குல எடுத்துக்கல. பாக்க வர்றவங்க ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் கொண்டு வச்சுட்டு கட்டில் பக்கத்துல உக்காந்து "எப்படி இருந்த உடம்பு"ன்னு கண்ணை தொடச்சிட்டு போயிருவாங்க, அவங்க போனப்புறம் அந்த அழுகையோட ராத்திரி முழுக்க படுத்து கிடக்குறது நோயாளிதான். அம்மாவோட சேந்து சிரிக்க வீட்டுல ஒரு ஆளு இருக்கீங்களே, அதை தயவு செஞ்சு நிறுத்தாதீங்க. டிவியை போடுங்க. சித்தி வந்தா "சித்தி நீங்களும் உக்காருங்க"ன்னு ஒரு சேரை இழுத்து போடுங்க.

அண்ணன் சொல்ற "எல்லாம் சரியாகட்டும்" இருக்கே, அதுக்கு தேதி கிடையாது. மார்பு கேன்சர்ல நிறைய பேருக்கு கீமோ முடிஞ்சதும் ரேடியேஷன் இருக்கும், அப்புறம் ஹார்மோன் மாத்திரை 5 வருஷமோ அதுக்கு மேலயோ போடச் சொல்லுவாங்க, நடுவுல செக்கப், ஸ்கேன்னு வந்துக்கிட்டேதான் இருக்கும். அதெல்லாம் முடியட்டும்னு ஒரு மனுஷி முட்டத்துக்கு போறதை தள்ளி வைக்கணுமா? போகணும், நல்ல நாளா பாத்து போகணும், அவ்வளவுதான்.

நல்ல நாள்னா கீமோ கணக்குப்படி சொல்றேன். கீமோ போட்ட முதல் ரெண்டு நாள் சிலருக்கு முகமெல்லாம் தெளிச்சியா இருக்கும், அது கூட குடுக்குற ஸ்டீராய்டு வேலை, அதை நம்பி வண்டி ஏறிராதீங்க, அடுத்த நாளே ஆளு சாஞ்சிருவாங்க. பொதுவா 7 நாளுல இருந்து 14 நாளுக்குள்ள நோய்க்கிருமியை எதிர்க்குற வெள்ளை அணுக்கள் ரொம்ப குறையும், அப்போ கூட்டத்துக்குள்ள போகவே கூடாது. மூணாவது வாரம் அடுத்த கீமோவுக்கு முந்தி நிறைய பேருக்கு வாய்ருசி கொஞ்சம் திரும்பும், நடக்க தெம்பு வரும், அந்த நாட்கள்தான் அம்மாவோட நாட்கள். இருந்தாலும் ஒவ்வொரு மருந்துக்கும் மாறும், "இந்த வாரம் வெளிய கூட்டிட்டு போலாமா டாக்டர்"னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. எந்த நாளா இருந்தாலும் சரி, காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டை தொட்டா காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, பாரசிட்டமால் போட்டு அமுக்கியும் வைக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

ஞாயித்துக்கிழமை வேண்டாம், லீவு நாள் வேண்டாம். வாரநாள்ல சாயந்திரம் நாலரை அஞ்சுக்கு போற மாதிரி கிளம்புங்க, சில கீமோ மருந்துக்கு வெயில் பட்டா தோல் சீக்கிரம் கருத்துப்போகும். முட்டத்துல பாறை மேல ஏறணும்னு ஆசைப்பட்டாங்கன்னா கீழ இருந்தே பாக்கலாம்னு சொல்லுங்க, கால்ல மரமரப்பு இருந்தா பாறையில கால் நிக்காது. டிக்கியில ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுக்கோங்க. தலையில சுத்த காட்டன் துணி, காத்துல பறக்காம இருக்க ரெண்டு பின்னு, கொதிக்க வச்ச தண்ணி, வாந்தி வந்தா பிடிக்க ஒரு கவரு. கடற்கரையில நறுக்கி வச்சிருக்க மாங்கா, அன்னாசி எல்லாம் வேண்டாம், வீட்டுல இருந்து மட்டிப்பழம் ஒரு சீப்பு கொண்டு போங்க, தோலை உரிச்சு சாப்பிடுற பழம்ங்கிறதால கையை கழுவிட்டு அங்கயே உரிச்சு குடுக்கலாம். பாதி வழியில அம்மா "வேண்டாம் மக்கா, திரும்பிரலாம்"னு சொன்னா மூஞ்சை தூக்காம வண்டியை திருப்புங்க. அடுத்த மூணாவது வாரம் வரத்தான போகுது.

சாப்பாட்டு விஷயம் ஒண்ணு, இதை நிறைய வீட்டுல தெரியாம செஞ்சிருதாங்க. கீமோ போற அன்னைக்கு, பாவம்னு அவங்களுக்கு ரொம்ப பிடிச்சதை சமைச்சு குடுப்போம், மரச்சீனியும் சாளைக்கறியும் மாதிரி. அப்புறம் குமட்டல் வரும்போது உடம்பு அந்த ருசியையும் குமட்டலையும் சேத்து முடிச்சு போட்டுக்கும், பிறகு எத்தனையோ மாசத்துக்கு அந்த மணம் வந்தாலே ஓங்கரிப்பாங்க. அதனால அன்னைக்கு கஞ்சி, இட்லின்னு சாதாரணமா முடிச்சுட்டு, பிடிச்சதை அந்த நல்ல வாரத்துக்கு எடுத்து வைங்க. வாயில இரும்பு ருசி அடிக்குதுன்னு சொன்னா எவர்சில்வர் கரண்டிக்கு பதிலா மரக்கரண்டியோ பிளாஸ்டிக்கோ குடுத்து பாருங்க.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, நானா சொல்றேன். முடி கொட்டினதுல அம்மாவுக்கு பூ வைக்க முடியலங்கிற சங்கடம் உள்ள இருக்கலாம். மணம் குமட்டலன்னா தோவாளை பிச்சிப்பூ ஒரு முழம் வாங்கி தலைத்துணி ஓரத்துல பின்னு குத்தி விடுங்க. கண்ணாடியை கையில குடுங்க.

கேள்வி: மனைவிக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர், சிகிச்சை நடக்குது. எனக்கு சாயந்திரம் கிரவுண்டுல ஃபுட்பால் ஆடணும், இல்லன்னா பாக்கவாவது செய்யணும், அது சின்ன வயசுல இருந்தே பழக்கம். இப்போ போறதே இல்ல. கூட்டுக்காரங்க கூப்பிடுதாங்க. போனா நான் மனுஷனான்னு தோணுது. - தூத்தூர் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, தூத்தூர்ல பிறந்தவருக்கு ஃபுட்பால் என்னன்னு எனக்கு தெரியும். போங்க. வீட்டுக்காரி பக்கத்துல இருக்க தங்கச்சியோ மைனியோ யாரையாவது ஒரு மணி நேரம் உக்கார வச்சுட்டு, போனை கையில வச்சுக்கிட்டு, எப்போ வருவேன்னு சொல்லிட்டு போங்க, சொன்ன நேரத்துக்கு வந்துருங்க. ராத்திரி முழிச்சு, மாத்திரை எடுத்து குடுத்து, பாத்ரூமுக்கு பிடிச்சு கூட்டிட்டு போற ஆளுக்கு முதுகும் மனசும் உடைஞ்சு போனா அப்புறம் ரெண்டு பேரை யாரு பாக்குறது? திரும்பி வந்து எத்தனை கோலு, யாரு அடிச்சா, யாரு சண்டை போட்டான்னு எல்லாம் அவங்ககிட்ட சொல்லுங்க. நாள் பூரா "சாப்பிட்டியா, வலிக்குதா, மாத்திரை போட்டியா" மட்டுமே கேட்டுக்கிட்டு கிடக்குறவங்களுக்கு வெளி உலகத்து சேதி ஒண்ணு காதுல விழுறது பெரிய விஷயம் தம்பி. அவங்களுக்கும் அப்படி ஒரு மணி நேரம் வேணுமான்னு கேளுங்க. தோழிகளோட பேசணுமா, கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகணுமா, இல்ல யாருமே இல்லாம தனியா இருக்கணுமா. தனியா இருக்கணும்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அத்தானுக்கு நுரையீரல் கேன்சர். டாக்டர் பாலியேட்டிவ் கேர் டீமை பாருங்கன்னு எழுதி குடுத்திருக்காரு. அப்போ கைவிட்டாச்சா அக்கா? வீட்டுல ஒரே அழுகை. - குலசேகரம்

பதில்: இல்லம்மா, அப்படி அர்த்தம் இல்ல. பாலியேட்டிவ் கேர்னா வலி, மூச்சுத்திணறல், தூக்கம், பயம் இதையெல்லாம் பாக்குற வைத்தியம், கீமோ போய்க்கிட்டு இருக்கும்போதே கூட சேத்து குடுக்கலாம். 2010ல அமெரிக்காவுல முத்தின நுரையீரல் கேன்சர்காரங்களை வச்சு செஞ்ச ஆய்வுல, ஆரம்பத்துலயே இந்த கவனிப்பு கிடைச்சவங்க மனச்சோர்வு குறைஞ்சு நல்லபடியா இருந்தாங்க, கொஞ்சம் கூடுதல் நாளும் வாழ்ந்தாங்க. வலியோட கிடக்குறவருகிட்ட சந்தோஷமா இருங்கன்னு சொல்லி என்ன பிரயோஜனம், முதல்ல வலி இறங்கணும். கடுமையான வலிக்கு குடுக்குற மார்ஃபின் மருந்தை எழுதினா போதைக்கு அடிமையாயிருவாருன்னு பயந்து மறைச்சு வைக்காதீங்க, டாக்டர் சொன்ன அளவுல, சொன்ன நேரத்துல வலிக்கு குடுத்தா அந்த பயம் வேண்டாம். மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும், அதுக்கு மருந்தை அன்னைக்கே சேத்து கேட்டு வாங்கிருங்க. ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போக கஷ்டம்னா, 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பாக்குற பாலியேட்டிவ் கவனிப்பும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் கேளுங்க, போகும்போது டிஸ்சார்ஜ் பேப்பரும் இப்போ சாப்பிடுற மாத்திரை சீட்டும் கையில இருக்கட்டும்.