வாசகர் கேள்விக்கு அறிவியல் பதில்

கேள்வி: டி.என்.ஏ. எங்கிருந்தாலும் அதே நான்கு எழுத்துகளால் ஆனதுதானே? அதை மரபணுத்தொகுதி டி.என்.ஏ. என்றும் சி.டி.என்.ஏ. என்றும் ஏன் பிரித்துச் சொல்கிறார்கள்?
– உயிர்த்தொழில்நுட்பம் பயிலும் மாணவி, திருநெல்வேலி

பதில்: வேதிப்பொருள் என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு, அவை எங்கிருந்து வருகின்றன, எதைச் சொல்கின்றன என்பதில் இருக்கிறது. பெற்றோரிடமிருந்து நாம் பெற்ற மரபணுத்தொகுதி டி.என்.ஏ.வைத் தோலிலிருந்து எடுத்தாலும் தசையிலிருந்து எடுத்தாலும் ஏறத்தாழ ஒரே வாசகத்தைத்தான் காண்போம். நிரப்பு டி.என்.ஏ. எனப்படும் சி.டி.என்.ஏ.வோ, குறிப்பிட்ட திசுவில் அந்த வேளையில் இருந்த தூது ஆர்.என்.ஏ.க்களை, அதாவது இயங்கும் மரபணுக்களிலிருந்து செல் எழுதிய செய்திப் பிரதிகளைப் பார்த்து ஆய்வகத்தில் எழுதிக்கொள்ளும் படி. ஆகவே உறங்கும் மரபணுக்கள் அதில் இடம்பெறுவதில்லை.

1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே சில வைரஸ்களில் கண்டறிந்த ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதிதான் இந்தப் படியை எழுதுகிறது. பெரும்பாலான தூது ஆர்.என்.ஏ.க்களின் முடிவில் 'ஏ' எழுத்துகள் மட்டுமே தொடர்ந்து வரும் வால் ஒன்று உண்டு. சோதனைக்குழாயில் நாம் இடும், 'டி' எழுத்துகளாலான சிறு இழை அந்த வாலைப் பற்றிக்கொள்ள, நொதி அங்கிருந்து எழுதத் தொடங்குகிறது.

டிஸ்ட்ரோபின் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். பழுதுபட்டால் டுஷேன் தசைச்சிதைவு நோயைத் தரும் இந்த மரபணு, எக்ஸ் குரோமோசோமில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளாக நீண்டு கிடக்கிறது. செல் அதை ஆர்.என்.ஏ.வாக எழுதி, இடையிடையே வரும் இன்ட்ரான் பகுதிகளை வெட்டி எறிந்து, செய்தியில் நிலைக்கும் 79 எக்ஸான் பகுதிகளை ஒட்டிய பிறகு எஞ்சுவது சுமார் 14,000 எழுத்துகளே, சி.டி.என்.ஏ.வில் வருவதும் அவ்வளவுதான். மரபணுவை இயக்கும் புரோமோட்டர் பகுதியும் அதில் இராது.

வெட்டியெறியப்படுவதால் இன்ட்ரான் வீண் என்று எண்ணிவிடக் கூடாது. சில குழந்தைகளுக்கு நோயின் காரணம், இன்ட்ரானின் நடுவே மாறிய ஒற்றை எழுத்தாக இருக்கிறது. அந்த மாற்றத்தை மரபணுத்தொகுதி டி.என்.ஏ. காட்டும், ஆனால் அதனால் ஒரு வேண்டாத துண்டு செய்திக்குள் நுழைந்துவிட்டதா என்பதைத் தசையிலிருந்து எடுத்த சி.டி.என்.ஏ.தான் தெளிவாகச் சொல்லும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மரபணு சிகிச்சைக்கும் சி.டி.என்.ஏ. வடிவமே கைகொடுக்கிறது. ஆனால் மருந்தைச் சுமக்கும் சிறு வைரஸில் சுமார் 5,000 எழுத்துகளுக்கு மேல் கொள்ளாததால், டிஸ்ட்ரோபினின் செய்தியை மேலும் சுருக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது.

உங்கள் ஆய்வகத்திலேயே இந்த வேறுபாட்டைக் கண்ணால் காணலாம். இரு வேறு எக்ஸான்களில் பொருந்தும் பிரைமர்கள் என்னும் சிறு டி.என்.ஏ. இழைகளைக் கொண்டு பி.சி.ஆர். (இரண்டு பிரைமர்களுக்கு இடைப்பட்ட டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் முறை) செய்தால், துண்டுகளை நீளத்தின்படி பிரித்துக்காட்டும் ஜெல்லில் சி.டி.என்.ஏ. குட்டையான பட்டையாகத் தெரியும். இடையிலுள்ள இன்ட்ரான் மிக நீளமாக இல்லாவிட்டால், மரபணுத்தொகுதி டி.என்.ஏ. அதற்கு மேலே நீளமான பட்டையாக நிற்கும். சி.டி.என்.ஏ. மாதிரியில் அந்த மேல்பட்டையும் தெரிந்தால், ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும்போதே மரபணுத்தொகுதி டி.என்.ஏ. கலந்துவிட்டது என்று பொருள், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதியால் அதை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.