தம்பிக்கு ஜாமீன்: நகையை விற்பதற்கு முன்

கேள்வி: நாங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கிறோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தம்பி (வயது 24), உணவுக்கடை ஒன்றின் முன் நடந்த கைகலப்பில் ஒருவரைப் போத்தலால் அடித்ததாகக் கைது செய்யப்பட்டான். ஏழு நாள் ரிமாண்டுக்குப் (போலீஸ் விசாரணைக் காவலுக்குப்) பிறகு, செக்‌ஷன் 324-இன் (தண்டனைச் சட்டத்தில், ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தும் குற்றம்) கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டினார்கள். தம்பி குற்றத்தை மறுத்தான். ஒரு நபர் உத்தரவாதத்துடன் 6,000 ரிங்கிட் ஜாமீன் என்றார்கள். அன்று எங்களிடம் பணம் இல்லை. அப்பாவிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை (நிரந்தரவாசி, குடிமகன் அல்லர்) என்பதால் அவரால் ஜாமீன் நிற்கவும் முடியவில்லை. தம்பி இப்போது சிறையில் இருக்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வந்துவிடலாம் என்கிறார்கள். மாமா, கோலாலம்பூர் வழக்கறிஞர் ஒருவரைச் சொல்கிறார். வேறொருவர், 5,000 ரிங்கிட் கொடுத்தால் கேஸையே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அம்மாவின் நகைகளை விற்றுவிடலாமா? முதலில் யாரிடம் போவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நகையைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லும் அந்த யோசனைதான். ஜாமீன் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் செக்‌ஷன் 324 அபராதத்தோடு முடிந்துவிடும் என்று எவராலும் உறுதி கூற இயலாத பிரிவு. அதற்குப் பத்தாண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ விதிக்கப்படலாம். அதோடு, தண்டனைப் பதிவு உங்கள் தம்பி நாளை எந்தத் தொழிற்சாலையில் வேலை கேட்டாலும் பின்தொடரும். விசாரணை தொடங்குவதற்கு முன் போலீஸ் புகாரின் நகலையும், அரசுத் தரப்பு பயன்படுத்தவிருக்கும் ஆவணங்களையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவு கூறுகிறது. அவற்றை ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல், சிறையின் அலுப்பில் வாக்கை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று அடுத்த முறை பார்க்கப் போகும்போதே தம்பியிடம் சொல்லுங்கள்.

ஜாமீன் என்பது தண்டனையும் அல்ல, விடுதலைக்கான விலையும் அல்ல. குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒவ்வொரு தவணைக்கும் (வழக்குக்குக் குறித்த நாளுக்கும்) நீதிமன்றத்துக்கு வருவார் என்பதற்கான உத்தரவாதம் மட்டுமே அது. ஆகவே, தொகை அந்த நோக்கத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டுமே தவிர, மிகையாக இருக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 389-ஆம் பிரிவு சொல்கிறது. தொகையைக் குறைக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்ற நீதிபதிக்கும் அது தருகிறது. நிரந்தர வேலை, நிலையான முகவரி, உடன் வாழும் பெற்றோர், பழைய குற்றப் பதிவு எதுவும் இல்லாமை, இவையெல்லாம் தொகையைக் குறைக்கக் கேட்பவருக்கு வலுச் சேர்க்கும். தம்பி குற்றஞ்சாட்டப்பட்ட அன்று இவற்றை மாஜிஸ்திரேட்டிடம் எடுத்துச் சொல்ல உங்கள் பக்கம் யாராவது இருந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை, இல்லையென்றே ஊகிக்கிறேன். ஆகையால் தொழிற்சாலையிலிருந்து வேலைச் சான்றுக் கடிதத்தையும் அண்மைய சம்பளச் சீட்டுகளையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

அப்பாவைப் பற்றி: நீதிமன்றங்கள் பொதுவாக மலேசியக் குடிமகனையே ஜாமீன்தாரராக ஏற்கின்றன. எத்தனையோ ஆண்டுகளாக இங்கேயே உழைத்தும் சிவப்பு அட்டையோடு நிற்கும் நம் பெரியவர்களுக்கு இது இன்னுமொரு அவமானம்தான், ஆனால் இன்றைக்கு அதோடு மல்லுக்கட்ட நேரமில்லை. குடிமக்களுக்கான நீல அட்டை இருந்தால் நீங்களே நிற்கலாம், மாமாவும் நிற்கலாம். நிற்பவர் யாராக இருந்தாலும், தம்பி ஒரு தவணைக்கு வராமல் போனால் கட்டிய பணம் பறிமுதலாகலாம் என்பதை அறிந்தே கையெழுத்திட வேண்டும். கடப்பிதழை ஒப்படைப்பது, குறித்த நாளில் காவல் நிலையத்தில் முகம் காட்டுவது, சாட்சிகளை நெருங்காமல் இருப்பது போன்ற நிபந்தனைகளும் சேரக்கூடும். அடையாள அட்டையுடனும் அதன் நகல்களுடனும் காலையிலேயே நீதிமன்ற முகப்புக்குப் போய்விடுங்கள். பணத்தை எந்த வடிவில் கட்ட வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பகலில் தாமதமாகக் கட்டினால், விடுவிப்பு ஆணை சிறைக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னோர் இரவு கழிந்துவிடும்.

இனி வழக்கறிஞர். மாமா சொல்பவர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனாலும் இத்தகைய வழக்கு, நாள் குறிப்பதற்கென்றே பல தவணைகள் போகும். ஒவ்வொன்றுக்கும் அவர் கோலாலம்பூரிலிருந்து வரும் செலவு உங்கள் தலையில் விழும், அல்லது அவருக்குப் பதிலாக உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்து நிற்பார். லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் அன்றாடம் குற்றவியல் வழக்கு நடத்தும் உள்ளூர்க்காரர், அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் குறைந்த குற்றச்சாட்டுக்காகப் பேசவும், சிறைக்குச் சென்று தம்பியைச் சந்திக்கவும் எளிதில் முடியும். ஒருவரைத் தேர்வதற்கு முன், அவரிடம் நடப்பு ஆண்டின் தொழில் உரிமம் உள்ளதா என்பதை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். வீடு, நில விற்பனைப் பத்திரங்களையே பெரும்பாலும் எழுதுபவர், எவ்வளவு நல்லவரானாலும், இதற்கு ஏற்றவர் அல்லர். ஜாமீன் குறைப்பு மனுவுக்கு எவ்வளவு, தவணைகளுக்கு எவ்வளவு, முழு விசாரணைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். வெற்றி நிச்சயம் என்று வாக்குக் கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டணம் கட்ட முடியாத நிலை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் என்ற பெயரில் 2012 முதல் இயங்கும் இவ்வமைப்பின் வழக்கறிஞர்கள், குடிமக்களுக்கு ரிமாண்ட், ஜாமீன், விசாரணை ஆகிய கட்டங்களில் வாதாடுகிறார்கள்; நீதிமன்ற வழக்குக்கு வருமானத் தகுதி பார்ப்பார்கள். பினாங்கு வழக்கறிஞர் குழுவின் சட்ட உதவி மையத்தையும் நாடலாம். இலவசம் என்றதும் இரண்டாந்தரம் என்று எண்ணிவிடாதீர்கள். தனியாகத் தொழில் நடத்தும் வழக்கறிஞர்களே இங்கும் வருகிறார்கள்.

ரிமாண்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த ஏழு நாளில் பணம் புரட்டியிருந்தால் தம்பியை மீட்டிருக்கலாமே என்ற வேதனை உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பதினான்கு ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களுக்கு முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள் வரை விசாரணைக் காவலுக்கு அவர் அனுமதிக்கலாம். அந்த நாள்களைக் குறைக்க ஒரு வழக்கறிஞர் வாதாடியிருக்கலாம். அந்தக் காவலை முடித்துவைக்கப் பணம் கட்டும் வழி சட்டத்தில் இல்லை.

5,000 ரிங்கிட் கேட்பவரிடம் பேச்சை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு அதை மீட்டுக்கொள்ளும் அதிகாரம் அரசுத் தரப்புக்கே உண்டு. அவர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு மறைந்துவிட்டால் உங்களுக்குப் பண நட்டம். உண்மையாகவே யாருக்காவது கொண்டுபோய்க் கொடுத்தால், 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி கொடுத்த நீங்களும் குற்றவாளி.

அம்மாவின் நகையை விற்க வேண்டாம். தொகையைக் குறைக்கக் கேட்டுப் பார்த்த பின்னும் தேவைப்பட்டால் அடகு வையுங்கள். தம்பி தவறாமல் தவணைக்கு வந்தால், வழக்கு முடிந்ததும் ஜாமீன் பணம் திரும்பிவிடும், நகையையும் மீட்டுவிடலாம். ஆலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரரிடம்) மட்டும் போகாதீர்கள்: வழக்கு முடியும்வரை வட்டி கட்டி மாளாது. பணம் ஜாமீன்தாரர் பெயரில்தான் திரும்பும் என்பதால், மாமா நின்று அம்மாவின் பணம் போகிறது என்றால், அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, நீதிமன்ற ரசீதின் நகலோடு சேர்த்து வையுங்கள்.