இடமிருந்து மூன்றாவது நபர்

வணக்கம் சார்,

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். வயது 68. என் கணவர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், போன வருடம் தவறிவிட்டார். தீபாவளிக்குப் பையன் ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கிக் கொடுத்து, என் போனில் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றிவிட்டுப் போனான். 11,000 படம் இருக்கிறதாம். ஆல்பத்தில் இருந்த பழைய படங்களையும் நானே டேப்லெட்டில் போட்டோ எடுத்தேன், 250 வரும். அவ்வளவும் எடுத்த அன்றைய தேதியில் போய் உட்கார்ந்துகொண்டது. 1978-இல் நடந்த என் கல்யாணமும் நேற்று வந்த குட்மார்னிங் ரோஜாப்பூவும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆளுக்கு ஒரு ஃபோல்டர் போட்டேன். அம்மா, அவர், தம்பி, பெரியவள், காஞ்சிபுரம், கோயில் என்று 40 ஃபோல்டர் ஆகிவிட்டது. ஒரே படம் நாலு ஃபோல்டரில் இருக்கிறது, எதை அழிப்பது என்று பயமாக இருக்கிறது. அவர் ஷெல் டிவிஷன் (பெட்டியின் கூடு செய்யும் பிரிவு) ஆட்களோடு ரயில் பெட்டிக்கு முன்னால் நிற்கும் படம் ஒன்று உண்டு. 19 பேர், எனக்கு 4 பேரைத்தான் தெரியும். அதற்கு என்ன பெயர் வைப்பது? பையனைக் கேட்டால் "அதுவே தேடிக் கொடுக்கும்மா, நீ ஏன் கஷ்டப்படறே" என்கிறான். வீண் வேலை செய்கிறேனா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

---

அன்புள்ள அம்மா,

வீண் வேலை இல்லை. ஆனால் உங்கள் பையன் சொல்வதிலும் பாதி சரி. கடல், புடவை, நாய், கேக் எல்லாவற்றையும் இன்றைய டேப்லெட்டே தேடிக் கொடுத்துவிடும், ஒரே முகம் வரும் படங்களை ஒரு கொத்தாகக் கட்டியும் வைக்கும். அந்த முகம் யார் என்று மட்டும் அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். என் அம்மாவின் படம் ஒன்று இருக்கிறது, மெரினா மணலில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பெண்கள், எல்லார் தலையிலும் கனகாம்பரம். அம்மா, சித்தி இரண்டு பேரைத்தான் எனக்குத் தெரியும். அவர்களையும் இந்த முகக்கொத்து சமாச்சாரம் ஒரே ஆளாக்கிவிட்டது, அக்கா தங்கை என்று அதற்கு எப்படித் தெரியும். மற்ற மூன்று பேர் யார் என்று அம்மா இருந்தபோதே கேட்டிருக்கலாம், இருபது வருடம் அதே வீட்டில்தான் இருந்தேன், கேட்கவில்லை.

அதனால் உங்கள் 11,000 படத்தை விட்டுவிடுங்கள், 250-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். போன் கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த நாள், நேரம், சில சமயம் இடம்கூடப் பதிந்திருக்கும். 'எக்ஸிஃப்' என்பார்கள், 1995-இல் ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த ஏற்பாடு. அவை தாமாகவே வரிசையில் நின்றுகொள்ளும். தொல்லை வாட்ஸ்அப் படங்களோடுதான். படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் இந்த உள்விவரத்தைக் கழற்றிவிட்டு, ஐஎம்ஜி-20240115-டபிள்யூஏ0007 என்று ஒரு பெயர் கொடுக்கும். நடுவில் இருக்கும் எண் படம் எடுத்த நாள் இல்லை, அனுப்பிய அல்லது வந்து சேர்ந்த நாள். ரோஜாப்பூக்கள் இனிமேல் கேலரிக்குள் வராமலிருக்க, வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், அங்கே 'மீடியா விசிபிலிட்டி' என்பதை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே வந்ததை டிவி பார்த்துக்கொண்டே அழிக்கலாம், அவசரம் ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் 40 ஃபோல்டருக்கு வருகிறேன். இதே தலைவலியோடு சென்னையில் ஒருவர் மல்லுக்கட்டியிருக்கிறார். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். தென்னிந்தியக் கோயில் சிற்பம் பற்றி ஒரு புத்தகம் வந்தால் அதைக் கோயில் அலமாரியில் வைப்பதா, சிற்பத்தில் வைப்பதா, தென்னிந்தியாவில் வைப்பதா? லண்டனில் படிக்கப் போன இடத்தில், ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தாராம். அதே சில துண்டுகளை வேறு வேறு மாதிரி மாட்டினால் வேறு வேறு பொம்மை. அங்கே பொறி தட்டி, 1933-இல் கோலன் பகுப்புமுறை வந்தது. ஒரு புத்தகத்தை ஒரே பெட்டியில் அடைக்காமல் அது எதைப் பற்றியது என்பதைத் துண்டு துண்டாக எழுதி, துண்டுகளைக் கோத்து எண் கொடுப்பது. கடைசி இரண்டு துண்டு இடமும் காலமும். நாம் காலத்தைத் தூக்கி முன்னால் வைக்கப்போகிறோம், அவர் மன்னிக்கட்டும்.

பழைய படங்களுக்கு ஒரே ஒரு ஃபோல்டர் போதும், 'பழைய படங்கள்' என்று. துண்டுகள் எல்லாம் படத்தின் பெயரிலேயே இருக்கட்டும். வருடம்-மாதம்-நாள், அப்புறம் இடம், அப்புறம் என்ன, யார். உதாரணமாக 1978-06-11_காஞ்சிபுரம்_கல்யாணம்_ஊஞ்சல். நாம் பேசுகிற மாதிரி 11-06-1978 என்று எழுதினால், எல்லா வருடத்து 11-ஆம் தேதியும் ஒரே இடத்தில் கூடிவிடும். சாய்கோடு போட்டுத் தேதி எழுதவும் முடியாது, ஃபைல் பெயரில் அந்தக் குறியை ஏற்றுக்கொள்ளாது. மாதம் தெரியாவிட்டால் 1978 மட்டும் போதும். வருடமே சந்தேகம், எழுபதுகளில் ஏதோ ஒன்று என்றால் 197 என்று எழுதி நாலாவது இடத்தில் ஆங்கில எக்ஸ் போடுங்கள். ஆவணக்காப்பகக்காரர்கள் செய்வது இது. பெயர் வரிசையில் அடுக்கினால் பெரும்பாலும் 1979-க்கு அடுத்து, 1980-க்கு முன்னால் சமர்த்தாகப் போய் நின்றுகொள்ளும்.

பெயர் மாற்ற ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்து, படத்தை அழுத்திப் பிடித்து, மூன்று புள்ளியைத் தொட்டால் 'ரீநேம்' வரும். கடைசியில் புள்ளியோடு இருக்கும் ஜேபிஜி-யை மட்டும் அழித்துவிடாதீர்கள். தமிழில் எழுதலாமா என்றால் தாராளமாக, ஆனால் சுருக்கமாக. ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று, புள்ளிக்கும் கொக்கிக்கும்கூடத் தனிக் கணக்கு. காஞ்சிபுரம் என்று ஆங்கிலத்தில் எழுதினால் 11 பைட், தமிழில் 33. நம் ஊர் வீட்டு வரி மாதிரி, ஏன் என்று கேட்கக்கூடாது.

'அம்மா' என்று ஒரு ஃபோல்டர் போட்டிருக்கிறீர்களே, யாருடைய அம்மா? உங்கள் பேத்தி அதைத் திறந்தால் அவளுக்கு அம்மா வேறு ஆள். பெரியத்தை, சின்ன மாமா, தம்பி, பெரியவள், இதெல்லாம் நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால்தான் பொருந்தும், உங்கள் மருமகள் வந்து நின்றாலே பாதி மாறிப்போகும். ஆகவே ஆளின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுதினாலும் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. தாத்தா பெயரைச் சுமப்பவன்தான் பெயரன், அவன்தான் பேரன். எங்கள் வீட்டில் ஒரே பெயரில் மூன்று பேர், இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடமோ வீட்டில் கூப்பிடும் பெயரோ சேர்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

'அவர்' என்று ஒரு ஃபோல்டரைப் பார்த்ததும் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. 45 வருடம் வாயால் சொல்லாத பெயரை டைப் அடிப்பது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் 'அவர்' என்று தேடினால் உங்களைத் தவிர யாருக்கும் அவர் கிடைக்க மாட்டார். அவர் பெயரை, இனிஷியலோடு, நீங்களே எழுதுங்கள். பையனை விட்டு எழுத வைக்க வேண்டாம்.

கூகுள் போட்டோஸில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே குறிப்பு எழுதலாமே, தேதியையும் மாற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம், படத்தை மேலே தள்ளினால் தேதி தெரியும், தொட்டு மாற்றலாம், கல்யாணம் 1978-க்குப் போய்விடும். ஆனால் அந்தத் திருத்தமும் குறிப்பும் அந்த ஆப்பின் கணக்கில்தான் இருக்கும், படத்துக்குள் போகாது. நான் இன்னொரு ஆப்பில் 600 படங்களுக்கு இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன், போன் மாற்றியபோது படம் வந்தது, ஒரு வரி குறிப்பு வரவில்லை. அந்த ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை, திட்டுவேன். ஃபைல் பெயர் படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மட்டும் அதுவும் பறிபோகும், அதனால் மகளுக்கு அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். பெயரும் போகும், படமும் தெளிவு குறையாமல் போகும். (ஐபேட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் போட்டோஸ் ஆப்புக்குள் ஃபைல் பெயரை மாற்ற முடியாது, 'கேப்ஷன்' மட்டும் எழுதலாம்.)

ஒரே படம் நாலு ஃபோல்டரில் இருப்பதற்குக் காரணம் நீங்கள் நாலு காப்பி எடுத்திருக்கிறீர்கள். கூகுள் போட்டோஸின் ஆல்பம் அப்படி இல்லை, ஒரே படம் பத்து ஆல்பத்தில் தலை காட்டும், படம் ஒன்றுதான். சில டேப்லெட்டில் கூடவே வரும் கேலரியில் ஆல்பம் என்பதே ஃபோல்டர்தான். படம் சேர்க்கும்போது 'காப்பியா, மூவா' என்று கேட்டால் அது ஃபோல்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல்ஸ் பை கூகுள் ஆப்பில் 'க்ளீன்' பகுதிக்குப் போனால் இரட்டிப்பாக இருக்கும் படங்களை அதுவே வரிசையாகக் காட்டும். அழிக்கும் முன்னால் ஒரு விஷயம். கூகுள் போட்டோஸில் பேக்கப் போட்டிருக்கும் படத்தை அங்கிருந்து அழித்தால் டேப்லெட்டிலும் போகும், கூகுளில் பேக்கப்பாக இருப்பதும் போகும். குப்பையில் 60 நாள் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான், 2021 ஜூன் முதல் போட்டோக்களும் அந்தக் கணக்கில் வந்துவிட்டன. 11,000 படத்துக்குப் பத்துமா என்பது சந்தேகம், 250-க்குத் தாராளம்.

அப்புறம், ஆல்பத்துப் படங்களை எடுத்தபோது பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே எடுத்திருந்தால் வெள்ளையாகப் பளபளப்பு அடித்திருக்கும். முடிந்தவற்றை வெளியே எடுத்து, ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் படாத இடத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். ஒட்டிக்கொண்டு வராத படத்தைப் பிய்க்க வேண்டாம். முதுகுப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள், ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் கிறுக்கிய தேதி, "அன்புடன்" என்று யாரோ எழுதியது, எல்லாம் அங்கேதான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர், கடைசியில் 1 முன்பக்கம், 2 பின்பக்கம்.

வேலை முடிந்ததும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வேறு வீட்டில், பையன் வீட்டிலோ மகள் வீட்டிலோ, வைத்துவிடுங்கள். ரிச்சி தெருவில் நடைபாதையில் 2 டிபி என்று சொல்லிச் சில நூறு ரூபாய்க்குத் தருவதை வாங்காதீர்கள், உள்ளே அவ்வளவு இடம் இருக்காது. வேறு வீடு என்று நான் சொல்வதற்குக் காரணம், 2015 டிசம்பரில் ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டில் அடையாறு இடுப்பளவு வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில்தான் ஆல்பங்கள் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு வெயிலில் காயப் போட்டோம், அதுதான் தப்பு, ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மெதுவாகப் பிரித்து, படம் மேலே பார்க்க நிழலில் உலர்த்தியிருக்க வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மெரினா படம் தப்பித்தது, அது அப்போது சித்தி வீட்டில் இருந்தது.

கடைசியாக ரயில் பெட்டிப் படம். 19 பெயரை ஃபைல் பெயரில் அடக்க முடியாது. எழுபதுகளில் எடுத்தது என்றால் 197 எக்ஸ், அடிக்கோடு, ஐசிஎஃப்_ஷெல்_19பேர், அதோடு உங்கள் கணவர் பெயர், போதும். ஒரு வெள்ளைத் தாளில் மேல்வரிசை, நடுவரிசை, உட்கார்ந்திருப்பவர்கள் என்று பிரித்து, இடமிருந்து வலமாக எண் போட்டுப் பெயர்களைக் கையால் எழுதுங்கள். தெரியாத எண்ணுக்கு எதிரே கேள்விக்குறி போடுங்கள், காலியாக விடாதீர்கள். அந்தத் தாளையும் போட்டோ எடுத்து அதே பெயரில் கடைசியில் 3 என்று சேமித்தால் படத்தை ஒட்டியே நிற்கும். உங்களுக்குத் தெரிந்த அந்த நாலு பேரில் யாராவது வில்லிவாக்கம், அயனாவரம் பக்கம் இன்னும் இருப்பார்கள், ஐசிஎஃப் ஆட்கள் அந்தச் சுற்றை விட்டு எங்கே போகப்போகிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டால் கட்டைவிரல்தான் பதிலாக வரும். டேப்லெட்டை முழுசாகச் சார்ஜ் போட்டு நேரில் எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டு விரலால் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள், அவர் பேசும்போது ரெக்கார்டரைப் போட்டு மேஜைமேல் வையுங்கள். ஒருவர் பெயர் நினைவு வராமல் அவர் வேறு கதைக்குப் போனால் தடுக்காதீர்கள், அந்தக் கதை முடியும்போது பெயர் வந்துவிடும்.

மூன்று நாலு பேர் கேள்விக்குறியாகவே நின்றாலும் பரவாயில்லை, எனக்கு எழுதுங்கள். இங்கே படிக்கிறவர்களில் ஐசிஎஃப் வீட்டுப் பிள்ளைகள் நிறைய பேர் உண்டு.