விலை குறைந்த கீபோர்டை நான்கு முறை வாங்கினால்

கேள்வி: வணக்கம் ஐயா. மலேசியாவின் பாயான் லெப்பாஸில் மென்பொருள் சோதனை வேலை. வயது 29, பிடித்தம் போகக் கைக்கு 4,100 வெள்ளி (ரிங்கிட்). எச்எச்கேபி (ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு) மீது பல வருட ஆசை. நான் பார்த்த விலை 1,500 வெள்ளி. பே லேட்டரில் (இப்போது வாங்கி, பிறகு தவணையில் கட்டும் வசதி) 12 மாதத் தவணைக்கு எடுக்கலாமா? மாதம் ஒன்றரை சதவீதம்தான் கட்டணம். இல்லை, அதேபோல் விலை குறைந்தது ஏதாவது உண்டா? ஏற்கெனவே வாங்கிய ஆர்கே61 கீபோர்டு (170), கீக்ரான் கே6 கீபோர்டு (380), சாவிகளின் மேல்மூடியான கீகேப் (260), சுவிட்ச், அதற்குத் தடவும் மசகான லூப் சாமான்கள் (190) எல்லாம் 6 மாதத் தவணையில் ஓடுகின்றன. இன்னும் மூன்று மாதம் பாக்கி. கிரெடிட் கார்டில் 3,800 வெள்ளி கடன். மினிமம் ஒருமுறைகூட தவறியதில்லை. பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் 600 வெள்ளியைக் கொஞ்ச காலம் 400 ஆக்கினால் சமாளித்துவிடலாம்.

பதில்: தம்பி, அம்மாவின் 600-இல் கை வைக்க வேண்டாம். மீதியை அப்புறம் பேசலாம்.

விலை குறைந்த மாற்று கேட்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன்: 170, 380, 260, 190. சரியாக 1,000 வெள்ளி. அதாவது மாற்று தேடியே எச்எச்கேபி விலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செலவழித்துவிட்டீர்கள், ஆசையும் தீரவில்லை. தீராததற்குக் காரணம் இருக்கிறது. 1996-இல் ஜப்பானின் பிஎஃப்யூ நிறுவனம் கொண்டுவந்த அந்தக் கீபோர்டு வரிசையில், இன்று நீங்கள் ஆசைப்படும் மாடலுக்குள் இருப்பது டோப்ரே அமைப்பு: ரப்பர் குமிழ், அதன் கீழே கூம்புச் சுருள். வழக்கமான மெக்கானிக்கல் சுவிட்ச் வேறு வகை. ஆர்கே61-இல் எந்த சுவிட்சைப் போட்டு எவ்வளவு லூப் தடவினாலும் அந்த அழுத்தம் வராது. அந்த 190 வெள்ளி போனது போனதுதான்.

அழுத்தம்தான் வேண்டுமென்றால் அதே வகை அமைப்பில் சீனாவின் நிஸ் கீபோர்டுகள் உண்டு, விலை கணிசமாகக் குறைவு. வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் 500 வெள்ளிக்குள் எது வாங்கினாலும் 2024 ஜனவரியிலிருந்து பெரும்பாலும் 10 சதவீத விற்பனை வரி சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எச்எச்கேபியில் சாவிகள் அடுக்கியிருக்கும் முறைதான் வேண்டுமென்றால் செலவே இல்லை. கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் கண்ட்ரோல் வருவதுதான் அதில் முக்கியம். உங்கள் கே6-இலேயே செய்யலாம். விண்டோஸில் அதற்கான பவர்டாய்ஸ் மென்பொருள் இலவசம், மேக்கில் செட்டிங்ஸிலேயே இருக்கிறது.

ஆனால் உங்களுக்குச் சேதம் செய்வது கீபோர்டு இல்லை, "ஒன்றரை சதவீதம்தான்" என்ற அந்த "தான்". 1,500-க்கு ஒன்றரை சதவீதம் 22.50. அசல் 125-ஐச் சேர்த்தால் மாதம் 147.50, மொத்தம் 1,770. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கட்டணம் மட்டும் முழு 1,500-க்கே போடப்படுகிறது. பத்தாவது மாதம் உங்களிடம் பாக்கி இருக்கும் அசல் 400 வெள்ளிகூட இராது. கட்டணம் அப்போதும் 22.50. உண்மையான வருட வட்டியாக மாற்றினால் 30 சதவீதத்தைத் தாண்டும். மினிமத்தைத் தொடர்ந்து 12 மாதம் ஒழுங்காகக் கட்டுபவருக்கு மலேசியாவில் கார்டு வட்டி அதிகபட்சம் 15 சதவீதம். எல்லோரும் பயப்படும் கார்டைவிட இது இரட்டிப்பு. திரையில் பச்சை பட்டனும் சிரித்த முகமும் இருப்பதால் இதைக் கடன் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு இதில் எரிச்சல்தான் வருகிறது.

இப்போது தவணைகளுக்கு மாதம் சுமார் 182, கார்டு மினிமத்துக்கு 190 என 372 வெள்ளி போகிறது. புதிய தவணையும் சேர்ந்தால் 520. அதனால்தான் அம்மாவின் பணத்தில் கண் போகிறது.

புதிதாக எதுவும் எடுக்காமல் மூன்று மாதம் ஓட்டுங்கள். தவணைகள் முடிந்ததும் அந்த 182-ஐக் கார்டுக்குத் திருப்பி, மாதம் 372 கட்டுங்கள். கடன் குறையக் குறைய ஸ்டேட்மெண்டில் மினிமம் தொகையும் குறையும்; அதைப் பார்த்துக் கட்டுவதைக் குறைக்காதீர்கள். நடுவில் கார்டைத் தேய்க்காமல் இருந்தால் இன்றிலிருந்து சுமார் 13 மாதத்தில் 3,800 தீரும். ஆர்கே61-ஐயும் கீகேப்பையும் விற்று வருவதைக் கார்டில் போட்டால் இன்னும் சீக்கிரம். அதற்கப்புறம் அதே 372-ஐ நான்கு மாதம் ஒதுக்கினால் 1,488. கிட்டத்தட்ட ரொக்கத்திலேயே எச்எச்கேபி. நல்ல நிலையில் பழையது கிடைத்தால் இன்னும் முன்னதாகவே. அப்போது வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன்.

கடைசித் தவணை கட்டிய அன்றே பே லேட்டர் கணக்கை மூடச் சொல்லி எழுதிவிடுங்கள். வரம்பைக் குறைத்தால் போதாது, மூட வேண்டும். கார்டு கணக்கு கைமீறிப் போவதாகத் தெரிந்தால் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.