ஓம எண்ணெயும் ஒட்டுண்ணிகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓமம், கிராம்பு, புதினா எண்ணெய்கள் ஒட்டுண்ணிகளைக் கொல்வதை ஆய்வகத்தில் நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. அப்படியென்றால் ஏன் மருந்தாக வரவில்லை? கம்பெனிகள் அமுக்கிவிட்டனவா? பேரனுக்குப் பூச்சித் தொல்லை. கடையில் வாங்கிய ஓம எண்ணெயில் நாலு சொட்டு கொடுக்கலாமா என்று மகள் கேட்கிறாள்.

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

யாரும் எதையும் அமுக்கவில்லை. ஓம எண்ணெயின் முக்கியச் சரக்கான தைமால் ஒருகாலத்தில் மருந்தாகவே இருந்தது. 1909இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பணத்தில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் ஏழை உழவர்களுக்குக் கொடுத்தது தைமால்தான். முதல்நாள் இரவு பேதி உப்பு, காலையில் வெறும் வயிற்றில் தைமால், பிறகு மறுபடி பேதி உப்பு. அன்று எண்ணெய்ப் பண்டமோ மதுவோ தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். தைமால் அவற்றில் கரைந்துவிடும். குடலில் நின்று புழுவைத் தாக்க வேண்டியது ரத்தத்தில் ஏறி ஆளையே சாய்த்துவிடும். நம் வீட்டுப் பாட்டிலில் இருப்பதோ எண்ணெயிலேயே கரைந்த தைமால்.

அந்தத் தைமாலை ஜெர்மன் ஆலைகள் இந்திய ஓமத்திலிருந்து எடுத்துவந்தன. 1914இல் போர் மூண்டதும் அது கிடைப்பது அரிதாகி, கீனோபோடியம் எண்ணெய் முன்னுக்கு வந்தது. மெக்சிகோவில் பீன்ஸ் வேகவைக்கும்போது போடுகிற எபசோட்டே கீரையின் எண்ணெய் அது. புழு வெளியேறியது, உண்மை. ஆனால் அளவு கொஞ்சம் கூடியதால் செத்தவர்களும் உண்டு, அதில் குழந்தைகளும் உண்டு. பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள்.

அதே கீரையை கியூபத் தலைநகர் ஹவானாவின் பெத்ரோ கூரி ஆய்வு நிறுவனத்தில் லியானெத் மொன்சோத்தே என்ற ஆய்வாளரின் குழுவினர் மறுபடி கையில் எடுத்தார்கள், இந்தமுறை லீஷ்மேனியாவுக்கு எதிராக. மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி இது. பிஹாரில் காலா அசார் காய்ச்சலாகவும் இலங்கையில் பெரும்பாலும் தோல் புண்ணாகவும் வருகிறது. எலிகளின் வயிற்றறைக்குள் எண்ணெயை ஊசியாகப் போட்டபோது புண் பெருகவில்லை. வாய்வழி கொடுத்தபோது பலன் குறைந்தது. நேராகப் புண்ணிலேயே ஊசி போட்டார்கள், ஒரு பலனும் இல்லை! பட்ட இடத்தில்தானே அதிகம் வேலை செய்யும் என்று நாம் நினைப்போம். இன்னொன்று, அந்த எண்ணெயின் முக்கியச் சரக்குகளைச் சுத்தமாக வாங்கி அதே விகிதத்தில் கலந்து கொடுத்தபோது எலிகள் செத்துப்போயின. முழு எண்ணெயைத் தாங்கிய எலிகள் இந்தக் கலவையைத் தாங்கவில்லை. இந்த ஆய்வுகளை எனக்குப் பிடிக்கும். ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொன்றதோடு நிற்காமல் உடம்புக்குள் போய்ப் பார்த்தார்கள், பலிக்காததையும் எழுதினார்கள்.

உங்களுக்கு வந்த செய்திக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் தட்டோடு நின்றுவிட்ட ஆய்வுகள். அவற்றில் பல, மணல் ஈயின் குடலில் நீந்தித் திரியும் பருவத்து லீஷ்மேனியாவைத்தான் சோதிக்கின்றன. மனித உடம்பில் அது வேறு உருவெடுத்து, நம் வெள்ளணுவுக்கு உள்ளேயே குடியிருக்கிறது. மருந்து அந்த அணுவுக்குள் நுழைய வேண்டும், அணுவைக் கொல்லாமல் கிருமியை மட்டும் கொல்ல வேண்டும். எண்ணெயோ தண்ணீரில் கலக்காது, ஆவியாகும். அதன் ஆவி சோதனைத் தட்டின் பக்கத்துக் குழிக்குப் பரவி அங்கே உள்ளதையும் கொன்று கணக்கைக் கெடுக்கும். அதே செடி வேறு மண்ணில், வேறு பருவத்தில் வேறு சரக்கைத் தரும். இதையெல்லாம் கவனிக்காமல் "கொன்றது" என்று ஒரு கட்டுரை போட்டு முடித்துவிடுவது எனக்குப் பெரிய ஆதங்கம். இவை ஏழைகளின் நோய்கள், லாபம் பார்த்து முதல் போட ஆள் குறைவு. இருக்கும் மருந்துகளிலும் சிக்கல் உண்டு. லீஷ்மேனியாவுக்குத் தரும் மில்டெஃபோசின் மருந்தைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க முடியாது. அதனால் செடிகளில் தேடத்தான் வேண்டும், ஆனால் கடைசிவரை தேட வேண்டும்.

சரி, பேரன் விஷயம். குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் இருக்கிறது. தேசியக் குடற்புழு நீக்க நாளை ஒட்டி, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகவே தருகிறார்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம், இப்போதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அப்புறம், அந்த எண்ணெய் பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அன்புடன்.